மோரிஸ் மைனரின் இடது கை

அந்தக் காலத்தில் எனக்குக் கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். இப்போது மட்டும் இறங்கிப் போய்விட்டதா என்று என் வீட்டுக்காரர் கேட்பார். அவர் கிடக்கிறார். நான் சொல்ல வந்தது, பினாங்கில் சூலியா ஸ்திரீட் பக்கத்தில் ஒரு படக்கடையில் நான் வேலை பார்த்த நாட்களைப் பற்றி. எண்பதுகளின் நடுப்பகுதி. காலையில் சுங்கை பினாங்கிலிருந்து பஸ் பிடித்து வந்து ஒன்பது மணிக்குக் கடை திறப்பேன். ஃபிலிம் விற்பது, ரசீது எழுதுவது, பாஸ்போர்ட் படத்துக்கு உட்காருகிறவர்களின் தலையை நேராக்குவது, கறுப்பு வெள்ளைப் படங்களை உள்ளே இருட்டறையில் கழுவிப் போடுவது எல்லாம் நான்தான். கலர் படங்களை மட்டும் வெளியே அனுப்பிவிடுவோம்.

எங்கள் தவுக்கே, அதாவது கடை முதலாளி, நல்ல சீனர். சும்மா கிடக்கிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. மூடிவிட்ட ஒரு பழைய ஸ்டூடியோவின் சாமான்களை மொத்தமாக வாங்கியபோது இரண்டு பிஸ்கட் டின் நிறைய நெகட்டிவ்களும் கூடவே வந்தன. எல்லாம் பினாங்குத் தெருக்கள். எந்தத் தெரு, எந்த வருடம் என்று ஒரு குறிப்பும் இல்லை. வாரம் ஒன்றைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னார். தெருவையும் காலத்தையும் சரியாகச் சொல்கிறவருக்கு ஒரு ஃபிலிம் ரோல் இலவசம்.

ஃபிலிம் ரோலுக்கு ஆசைப்பட்டு வந்தவர்களை விடச் சண்டை போட வந்தவர்கள்தான் அதிகம். அதில் இரண்டு பேர் நிரந்தரம். ஒருவர் மெக்கானிக் அண்ணன். பட்டறையை மகனிடம் விட்டுவிட்டு ஓய்வாக இருந்தார். தெருவையே பார்க்க மாட்டார், தெருவில் நிற்கிற காடியை மட்டும்தான் பார்ப்பார். காடி என்றால் கார், எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். "பின்கண்ணாடி உள்ள சாஞ்சிருக்கு பாத்தீங்களா? ஃபோர்ட் ஆங்கிலியா. மெர்டேக்காவுக்கு முன்னாடி இந்தக் காடி ஏது?" என்று ஒரே பார்வையில் சுதந்திரத்துக்கு முந்தின வருடங்களையெல்லாம் கழித்துவிடுவார். இன்னொருவர் டாக்சி அண்ணன். முப்பது வருடமாக ஊரைச் சுற்றியவர். எந்தச் சுவரில் எந்தக் காரை பெயர்ந்தது, எந்த முனையில் எந்த மரம் விழுந்தது, எல்லாம் அவருக்கு அத்துப்படி.

காடி காலத்தைச் சொல்லும், சுவர் தெருவைச் சொல்லும். இருவரும் ஒத்துப்போனால் நான் நோட்டில் எழுதி வைப்பேன். ஒத்துப்போவது எங்கே? ஒரு ஆஸ்டின் காரின் முன்பக்கக் கம்பிகளை எண்ணுவதற்காக என் பூதக்கண்ணாடியை ஆளுக்கொரு பக்கம் இழுத்து, கைப்பிடியை உடைத்தே விட்டார்கள். அன்றைக்கு இருவரையும் மத்தியானம் வரை கடைக்குள் விடவில்லை.

கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில் ஒரு அக்கா கச்சாங் விற்றுக்கொண்டிருந்தார். வறுத்த கடலை, அவித்த கொண்டைக்கடலை, முறுக்கு. நாங்கள் கச்சாங் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். முப்பத்தைந்து தாண்டியிருக்கும், ஆனால் நாற்பதைத் தொட்டிருக்காது. சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் ஒரு குழி விழும். இந்தச் சண்டைகளில் அவர் தலையிட மாட்டார். "அண்ணே, தொண்டை காஞ்சிருக்கும், கடலை வாங்கிக்குங்க" என்பதோடு சரி.

ஒரு திங்கட்கிழமை புதுப் படத்தை ஒட்டிவிட்டுத் திரும்புகிறேன், அக்கா காகிதக் கூம்பு சுருட்டிய கையோடு அப்படியே நிற்கிறார். கூம்பிலிருந்து கடலை தரையில் கொட்டுகிறது.

படத்தில் ஒரு தெரு ஓரம். அடைத்த ஜன்னல்கள் உள்ள நீளச் சுவர், பெயர்ப்பலகை ஒன்றும் இல்லை. ஒரு மோரிஸ் மைனர் நிற்கிறது. அதன் நம்பரைக் குறுக்கே நின்ற ஒரு பெச்சா ரிக்ஷாவின் சக்கரம் மறைத்திருந்தது. காருக்குள் கண்ணாடி பளபளப்பில் ஓட்டுநரின் முகம் தெரியவில்லை, ஸ்டேரிங்கின் மேல் ஒரு வெள்ளைச் சட்டைக் கை மட்டும். காரின் பக்கத்தில் ஒரு கையில் சாப்பாட்டுத் தூக்கோடு ஒரு பெண். சேலை கட்டியிருந்தாள். யாரோ வேடிக்கை சொன்னது போல வாய்விட்டுச் சிரிக்கிறாள். ஒரு கன்னத்தில் மட்டும் குழி.

"என்னக்கா?" என்றேன்.

"எங்கம்மா" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் அம்மா, அக்காவுக்கு இரண்டு வயது ஆகும் முன்பே இறந்துவிட்டவர். இருந்த ஒரே கல்யாணப் படமும் வீடு தீப்பிடித்தபோது போய்விட்டது. அம்மாவின் முகம் எப்படி இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாது. அப்பா சொன்னதுதான் தெரியும், அந்த அப்பாவும் போய்ச் சேர்ந்து பல வருடம். அடுத்த மாதம் அக்காவின் மகளுக்குக் கல்யாணம். கல்யாணத்துக்கு முன்னால் வீட்டில் இறந்தவர்களுக்குப் படையல் போட வேண்டும் இல்லையா? அப்பாவின் படம் இருந்தது. அம்மாவுக்கு எப்போதும் ஒரு செம்பில் தண்ணீர்தான் வைப்பார்.

"அப்பா ஒரு டாக்டருக்குக் காடி ஓட்டுனாரு. கிங் ஸ்திரீட்ல கிளினிக்கு. மோரிஸ் காடிதான். அம்மா தெனமும் மத்தியானம் சோறு கொண்டாந்து குடுப்பாங்களாம். எனக்கு விழற மாதிரியே குழி விழுமாம்" என்று அக்கா மளமளவென்று சொன்னார். அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதே இல்லை. "அந்தக் காடிக்கு ஒரு வியாதி. திரும்பறதுக்கு முன்னாடி பக்கத்துலேருந்து ஒரு கை நீட்டுமில்ல? அந்த இடது கை நீட்டுனா உள்ள போகாதாம். அப்பா வலது பக்கம் உக்காந்திருப்பாரு, எட்டாது. அம்மா வந்துதான் ஒரு தட்டு தட்டுவாங்களாம்."

அந்தக் காலத்துக் கார்களில் மினுக்கும் விளக்கு கிடையாது. இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று என்று சின்னச் சின்னக் கைகள் வெளியே நீட்டிக்கொள்ளும்.

மெக்கானிக் அண்ணனும் டாக்சி அண்ணனும் பசியாறிவிட்டு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னேன். மெக்கானிக் அண்ணன் அக்காவுக்காகவே கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நெருங்கிப் பார்த்தார்.

"மைனர்தான். முன்கண்ணாடி ரெண்டு துண்டு, பழைய மாடல். உங்கப்பா காலத்துக்குச் சரியா வருது." அக்காவின் முகம் மலர்ந்தது. அவர் இன்னும் குனிந்தார். "கை கூட நீட்டிக்கிட்டு நிக்குது. ஆனா…"

"என்னண்ணே ஆனா?"

"நீட்டியிருக்கறது வலது கை. அதுவும் போவட்டும். ஸ்டேரிங்கப் பாரும்மா. இடது பக்கம் இருக்கு. நம்ம நாட்டுல ஏது இடது பக்கம் ஸ்டேரிங்கு? இது வியட்நாம் லா, சைகோன். அந்தப் படக்காரன் எங்கியோ ஊரு சுத்தப் போனப்ப எடுத்திருக்கான்."

டாக்சி அண்ணனாவது மறுத்துப் பேசுவார் என்று பார்த்தேன். எதற்கெடுத்தாலும் மறுக்கிற மனுசன், அன்றைக்கென்று தலையாட்டினார். "கிங் ஸ்திரீட்ல இந்த மாரி சுவரு ஒன்னு இருந்திச்சு. ஆனா தூணு இந்தப் பக்கம் வராது, அந்தப் பக்கம் வரும். அதோட தங்கச்சி, குழியும் பாரு. ஒனக்கு இடது கன்னம், இந்தப் பொம்பளைக்கு வலது."

அக்கா கீழே சிந்திய கடலையைப் பொறுக்கப் போய்விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "இத்தன நாளா ஒரு படத்துக்காச்சும் ஒத்துப்போனீங்களா ரெண்டு பேரும்? இன்னிக்கு மட்டும் சேந்துக்கிட்டீங்க!" என்று கத்தினேன். பொய் சொல்லச் சொல்றியா தங்கச்சி என்று மெக்கானிக் அண்ணன் பாவமாகக் கேட்டார். அதற்கு இன்னும் கொஞ்சம் கத்தினேன்.

படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விஷயம் புரிந்திருக்கும். ஸ்டேரிங் மாறியிருக்கிறது, கை மாறியிருக்கிறது, தூண் மாறியிருக்கிறது, கன்னம் மாறியிருக்கிறது. எங்கள் மூன்று பேர் மண்டையிலும் ஏறவில்லை. ஒருவர் காரைப் பார்த்தார், ஒருவர் சுவரைப் பார்த்தார், நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரம் முழுக்க அக்கா கடைக் கண்ணாடிப் பக்கம் திரும்பவே இல்லை. படத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டதற்கு, "இருக்கட்டும்மா, யாரு பெத்த பொண்ணோ" என்றார். அந்த வார்த்தை என்னைச் சும்மா விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை. வேலைக்குப் போகும் வழியில் கோயிலுக்குப் போகலாம் என்று சேலை கட்டினேன். மற்ற நாட்களில் பாவாடை சட்டைதான். அலமாரிக் கண்ணாடி முன்னால் கொசுவம் வைத்து, முந்தானையைத் தோளில் போட்டுக் குண்டூசி குத்தும்போது நிமிர்ந்தேன். கண்ணாடிக்குள் நின்றவள் முந்தானையை வலது தோளில் போட்டிருந்தாள். படத்தில் நின்றவளும் வலது தோளில்தான் போட்டிருந்தாள்!

எந்த ஊரில், எந்தக் காலத்தில், நம்ம ஆள் ஒருத்தி அப்படிச் சேலை கட்டுவாள்? சைகோனுக்கே போனாலும் முந்தானை இடது தோளில்தானே விழும்?

ஐயோ, என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஏனென்றால் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டவள் நான். நெகட்டிவில் ஒரு பக்கம் வழவழப்பு, ஒரு பக்கம் மங்கல். பிரிண்ட் போடும்போது மங்கல் பக்கம் கீழே இருக்கும்படி வைக்க வேண்டும். பிஸ்கட் டின்னில் பூஞ்சை பிடித்துப்போன அந்த நெகட்டிவில் இரண்டு பக்கமும் மங்கல். பெயர்ப்பலகை இருந்திருந்தால் எழுத்து இடவலம் மாறி உடனே காட்டிக்கொடுத்திருக்கும். அதுவும் இல்லை. திருப்பி வைத்து அடித்துவிட்டேன். ஊரையே வலமிடமாக மாற்றிவிட்டு, பாவம் அந்த இரண்டு கிழங்களைப் பிடித்துத் திட்டியிருக்கிறேன்.

சாமிக்கு வெளியிலிருந்தே ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கடைக்கு ஓடினேன். சேலையோடு இருட்டறைக்குள் நுழைந்த என்னைப் பார்த்துத் தவுக்கே, "அலாமாக்! இன்னிக்கு என்னா கல்யாணம்?" என்றார். பதில் சொல்ல நேரமில்லை. நெகட்டிவைத் திருப்பி வைத்தேன். சிவப்பு விளக்கில், மருந்துத் தண்ணீருக்குள், முதலில் சுவர் வந்தது, பிறகு கார் வந்தது, கடைசியில் அந்தச் சிரிப்பு வந்தது. இடது கன்னத்தில் குழியோடு.

ஈரம் சொட்டச் சொட்ட வெளியே கொண்டுவந்தேன். மெக்கானிக் அண்ணன் பார்த்தார். ஸ்டேரிங் வலது பக்கம். நீட்டிக்கொண்டிருப்பது இடது கை. உடைந்த பூதக்கண்ணாடியைக் காருக்கு மேலே பிடித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"தங்கச்சி, இங்க வா" என்று கச்சாங் அக்காவைக் கூப்பிட்டார். "தூக்கு ஒரு கையில. இன்னொரு கை எங்க இருக்கு பாரு."

அந்த நீட்டிய கையின் மேல் அவள் விரல்கள் பதிந்திருந்தன. முதல் படத்திலும் அது இருந்ததுதான், காரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று நாங்கள் விட்டுவிட்டோம். பிடிக்கவில்லை, தட்டப் போகிறாள். உள்ளே எட்டாமல் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைக்காரர் ஏதோ சொல்லியிருக்கிறார், அதற்குத்தான் அந்தச் சிரிப்பு.

"கிங் ஸ்திரீட்" என்றார் டாக்சி அண்ணன். "தூணு சரியா நிக்குது. நான் அன்னிக்கே சொன்னேன்ல?"

"என்னத்த சொன்ன நீ?" என்று மெக்கானிக் அண்ணன் பாய, இருவரும் பழையபடி ஆரம்பித்துவிட்டார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கச்சாங் அக்கா அழுதார், நானும் அழுதேன், தவுக்கே இரண்டு பேருக்கும் லென்ஸ் துடைக்கிற துணியைக் கொடுத்தார். ஃபிலிம் ரோல் அக்காவுக்குத்தான். கேமரா இல்லாதவருக்கு ஃபிலிம் எதற்கு என்று, கல்யாணத்தன்று தவுக்கே தானே கேமராவோடு போய் அதைப் போட்டு எடுத்துக் கொடுத்தார்.

படையலுக்கு முதல் நாள் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துப்போனேன். கூடத்தில் அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டிப் பூ வைத்தார் அக்கா. எல்லோரும் அப்படியே அக்காவை உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். அக்கா என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

"அந்தத் தப்பா அடிச்ச படம் இருக்கா? தூக்கிப் போட்டுட்டியா?"

எனக்கு மறுபடியும் சுருக்கென்றது. "அது எதுக்குக்கா? நானே மறக்கப் பாக்குறேன்."

"இல்லம்மா. இது சரியான படந்தான், அப்பா பாத்த மூஞ்சி இதுதான். ஆனா அன்னிக்கு நான் கடலையக் கொட்டுனது அந்தப் படத்தப் பாத்து. எப்படித் தெரிஞ்சுதுன்னு எனக்கே வெளங்கல. நேத்துத்தான் தலை சீவறப்ப வெளங்குச்சு. கண்ணாடில நான் தெனமும் பாக்குறது அந்த மூஞ்சிதான்."

மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சீப்பு செருகி வைக்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில், சரியாக முகத்தின் உயரத்துக்கு ஆணி அடித்து மாட்டினார். பிறகு இரண்டுக்கும் முன்னால் நின்று சிரித்துப் பார்த்தார். ஒரே பக்கத்தில் இரண்டு குழி விழுந்தது.