அம்மா செய்த கூண்டுக்குத் தேதி இல்லை

எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் வரை போனவள் நான் ஒருத்திதான். சட்டம் படித்தேன். அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒருநாளும் கூச்சம் இருந்ததில்லை. இப்போது சுங்கைப் பட்டாணியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீடு வாங்குகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் ஒப்பந்தம் தயாரிக்கிறேன். அம்மா பீடோங்குக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இன்னமும் உதிரிப் பழம் பொறுக்குகிறார்.

எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை மரத்திலிருந்து விழும்போது நாலாபக்கமும் சிதறுகிற பழங்கள் அவை. நாள் முழுக்கக் குனிந்து பொறுக்க வேண்டும். இடுப்பு வலி பொறுக்காமல் அம்மா ஒரு கருவி செய்தார். இரண்டு பால்மாவு டின் மூடிகளுக்கு நடுவே சைக்கிள் சக்கரக் கம்பிகளை வில்லாக வளைத்துச் செருகினால் உருண்டையாக ஒரு கூண்டு. அதற்கு நீளமான பிடி. தரையில் உருட்டிக்கொண்டு போனால் கம்பிகள் விலகிப் பழத்தை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

இந்த மாதிரிக் கூண்டு வேறு ஊர்களில் முன்பே உண்டு என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவற்றில் உள்ளே போன பழத்தை எடுக்கக் கம்பியை விரலால் பிளக்க வேண்டும். அம்மா ஒரு பக்க மூடியில் பாதியை வெட்டி, ஸ்பிரிங் போட்டு, அதைக் கதவாக்கியிருந்தார். தள்ளுவண்டியின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் கதவு திறந்து பழம் கொட்டும். கூண்டைத் தூக்கினால் கதவு தானே மூடிக்கொள்ளும். கூட வேலை செய்த பெண்கள் கேட்டார்கள். அவர்களுக்கும் செய்து கொடுத்தார்.

தோட்டத்துக்கு ஆள் விடுகிற குத்தகையாளர் ஒருவர் அதே மாதிரிக் கதவு வைத்த கூண்டுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அம்மாவுடையதைப் பார்த்துச் செய்தாரா, அவருக்கே தோன்றியதா, எனக்குத் தெரியாது. அவருடைய வக்கீலிடமிருந்து அம்மாவுக்கு நோட்டீஸ் வந்தது. இனிமேல் செய்யக் கூடாது, பயன்படுத்தவும் கூடாது.

"நாந்தானே மொதல்ல செஞ்சேன்? அத சொன்னா போதாதா லா?" என்றார் அம்மா.

"போதும்மா. நிரூபிச்சா போதும். நான் பாத்துக்கிறேன்."

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டேன். படிக்கும்போது அமெரிக்காவின் பழைய வழக்குகளை விரும்பிப் படித்தவள் நான். அங்கே ஒரு காலத்தில் யாருக்கு முதலில் அந்த யோசனை வந்தது, யார் அதை முதலில் செய்து முடித்தார்கள் என்று நாள் கணக்கில் வாதாடியிருக்கிறார்கள். கண்டுபிடித்தவர் தன் வாயால் சொன்னால் மட்டும் செல்லாது, வேறு ஒரு சாட்சி வேண்டும் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அந்தத் தைரியத்தில் மெர்கோங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த காப்புரிமை முகவரைப் பார்க்கப் போனேன். வயதானவர், நம்மவர். நான் பேசி முடிக்கும்வரை குறுக்கிடாமல் கேட்டார்.

"அமெரிக்காவே அத விட்டுருச்சும்மா. இங்க யாரு மொதல்ல மனு போட்டாங்களோ அவங்களுக்குத்தான். உங்க அம்மா மனு போட்டாங்களா?"

"இல்ல சார். அப்ப ஒண்ணுமே செய்ய முடியாதா?"

"ஒரு வழி இருக்கு. அவரு மனு போட்ட தேதிக்கு முன்னாடியே உங்க அம்மா இத சொந்தமா செஞ்சிக்கிட்டு இருந்தாங்கன்னு காட்டுங்க. பேட்டண்டையே ரத்து பண்ணணும்னா பெரிய கோர்ட்டுக்குப் போகணும், செலவு தாங்காது; இதுல பேட்டண்ட் அவரோடதாவே இருக்கும். ஆனா அம்மா தொடர்ந்து செய்யலாம், யாரும் தடுக்க முடியாது. கதவோட காட்டணும். வெறும் கூண்டக் காட்டி பிரயோஜனம் இல்ல. அவரு மனுவுல புதுசுன்னு சொல்றதே அந்தக் கதவத்தான்."

அம்மாவுக்குப் பெயரோ புகழோ வேண்டியிருக்கவில்லை. தன் கூண்டைத் தான் செய்ய வேண்டும், அவ்வளவுதான். அது கிடைத்துவிடும் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

முதலில் செய்த கூண்டு எங்கே என்று அம்மாவைக் கேட்டேன். கையிலிருந்ததைத் தூக்கிக் காட்டினார். கம்பி ஒடிந்தால் பிரித்து, நல்ல கம்பியை அடுத்ததில் போட்டு, ஸ்பிரிங்கைக் கழற்றி அதற்கடுத்ததில் போட்டு, அப்படியே வந்திருக்கிறது. எதையும் வீசவில்லை. எதையும் முழுதாக வைத்திருக்கவும் இல்லை.

பக்கத்து மர வரிசையில் பழம் பொறுக்குகிற அக்காவிடம் போனேன். அம்மா முதன்முதலில் செய்து கொடுத்தது அவருக்குத்தான்.

"ஆமா பாப்பா, எனக்குத்தான் மொதல்ல குடுத்தா. எப்பன்னா... என் சின்னவ வயசுக்கு வந்தப்ப. இல்லயில்ல, அதுக்கு முந்தியே."

"கோர்ட்டுல வந்து சொல்வீங்களாக்கா?"

"கோர்ட்டா? என் மவன் அந்த ஆளு லோரியத்தான் ஓட்டுறான், தெரியும்ல? ஒன் கல்யாணத்துக்குக் கூப்புடு, மொத ஆளா வரேன். இதுக்கெல்லாம் கூப்புடாத." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அடுத்த நாள் என்னைப் பார்த்ததும் மோட்டார் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனார். மற்றப் பெண்களும் குத்தகையாளரிடம் வேலை செய்கிறவர்கள்தான்; யாரும் சாட்சிக்கு வரச் சம்மதிக்கவில்லை.

கடைசியில் என் கைப்பேசியிலேயே ஒரு படம் கிடைத்தது. ஆயுத பூசையன்று அம்மா வீட்டிலுள்ள கருவிகளையெல்லாம் கழுவிச் சாமி முன்னால் வைத்துப் படமெடுத்து, சொந்தக்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் போடுவார். குத்தகையாளர் மனு போடுவதற்கு முந்தைய பூசை. தேதி தெளிவாக இருந்தது. அன்று அலுவலகத்தில் எனக்கு வேலையே ஓடவில்லை. பாதி நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு மெர்கோங்குக்கு ஓடினேன்.

முகவர் படத்தைக் கணினியில் போட்டுப் பெரிதாக்கினார். அரிவாள், கத்தி, மோட்டார் சாவி, சந்தனம் வைத்த என் சட்டப் புத்தகங்கள். நடுவில் கூண்டு. பிடியில் பொட்டு. ஒரு பக்க மூடி பளபளவென்று தெரிந்தது. இன்னொரு பக்க மூடியைச் சுற்றிச் சுற்றிச் செவ்வந்திச் சரம், ஓர் இடுக்குக்கூடத் தெரியாமல்.

"பூவுக்குப் பின்னால என்னம்மா இருக்கு?"

"கதவு சார்."

"நீங்க சொன்னா நான் நம்புறேன். ஆனா படத்துல பூதானம்மா இருக்கு."

வேறு படம் இருக்கிறதா என்று கேட்டார். அதற்கு முந்தைய ஆண்டின் படமும் இருந்தது. அதிலும் பூ அங்கேதான். அம்மாவின் சொந்த வாக்குமூலத்தை மட்டும் வைத்து வாதாட முடியுமா என்றேன். எழுதித் தரலாம், ஆனால் நிற்காது என்றார். பொய் நம்பிக்கை கொடுக்காத மனிதர். எனக்கு அன்று அவர்மேல் கோபம்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே. "பூவ வேற எங்கயும் சுத்தத் தெரியாதா? அந்தக் கதவுமேலதான் சுத்தணுமா?"

"அதுதானே அதுக்கு உசுரு? அரிவாளுக்கு வாயில பொட்டு வைக்கிறோம். மோட்டாருக்கு எஞ்சின்ல வைக்கிறோம். வேல செய்யிற எடத்துக்குத்தான் மரியாத செய்யணும்." பிறகு, "சாமிக்குத் தெரியும்ல, நாந்தான் செஞ்சேன்னு?" என்றார்.

"சாமி சாட்சிக் கூண்டுல ஏறாதும்மா."

சொன்ன பிறகு எனக்கே நன்றாக இல்லை.

நோட்டீசுக்கான பதிலை நான்தான் எழுதினேன். கதவு வைத்த கூண்டை இனிச் செய்வதில்லை, பயன்படுத்துவதில்லை என்று நல்ல ஆங்கிலத்தில், ஒரு பிழைகூட இல்லாமல். எங்கள் குடும்பத்துக்காக நான் எழுதிய முதல் சட்டக் கடிதம். அம்மா கையெழுத்துப் போட்டார். "வெறும் கூண்டு வச்சிக்கலாமா? அதுக்கும் நோட்டீஸ் வருமா?"

"வராதும்மா. வெறும் கூண்டு யாருக்கும் சொந்தமில்ல."

அம்மா இடுக்கியை எடுத்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து கதவைக் கழற்றினார். ஸ்பிரிங்கைத் தனியாக எடுத்து வைத்தார். மூடியிலிருந்த ஓட்டையைக் கம்பியால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி அடைத்தார். பிறகுதான் உள்ளே ஒரு பழம் சிக்கியிருந்ததைப் பார்த்தார். விரலை விட்டு இழுத்தார். வரவில்லை. நான் இரண்டு கையாலும் கம்பியைப் பிளந்து பிடித்துக்கொண்டேன்.