சுற்றாமல் விட்ட மூன்றாவது சுற்று

எதிர் வீட்டுக்காரரை மாமா என்றுதான் கூப்பிடுவேன். சொந்தம் கிடையாது. வடக்கனந்தலுக்கு நான் வாழ வந்த நாளிலிருந்து பழக்கம், அவ்வளவுதான். அவர் சம்சாரத்தை அத்தை என்பேன்; அத்தை காலமான பிறகு அந்த வீட்டில் அவருக்குத் துணை ஒரு பொட்டைப் பூனை. சாம்பல் நிறம், ஒரு காது பிய்ந்திருக்கும். அத்தை கையால் சோறு தின்று வளர்ந்தது. அதற்கும் நல்ல வயசு ஆகிவிட்டது.

மாமாவுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் ரெண்டு தடவை மிஷினில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணியே ஆகணும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பெங்களூரில் இருக்கும் மகன் வந்து கூப்பிட்டார். அங்கே மாடி வீடு, குழந்தைக்கு மூச்சிழுப்பு வேறு, பூனையைச் சேர்க்க முடியாது. அதுக்கு ஒரு வூடு அமையாமல் நகரமாட்டேன் என்று மாமா உட்கார்ந்துவிட்டார். நாளுக்கு நாள் காலில் வீக்கம் ஏறியது. மகன் என்னிடம் வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார். எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால் நாய் இருக்கிறது, அது பூனையை வாசலில் கால் வைக்க விடாது.

நானும் கேட்காத இடமில்லை. குட்டியாக இருந்தால் கொடு என்கிறார்கள் எல்லாரும். திருக்கோவிலூரில் மளிகைக்கடை வைத்திருக்கும் என் தம்பி, கிழவிக்கு யார் வடித்துக் கொட்டுவது என்று சிரித்தான். "பூனைக்கு அலையறதுக்கு மாமாவுக்கே ஒரு பொண்ணு பாத்திருந்தா சுளுவா முடிஞ்சிருக்கும்" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் மாரியாத்தா கண் திறந்தாள். வெள்ளிமலைப் பக்கத்திலிருந்து சாமை கொண்டுவந்து விற்கும் ஒரு பெண், எப்போதும் எங்கள் வாசலில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போவாள். மூட்டையெல்லாம் எலி ஓட்டை போடுகிறது என்று அழுதாள். கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். பூனையின் வாயை விரல் விட்டுத் திறந்து பார்த்தாள்.

"பல்லு இருக்குதுக்கா. வயசானா இன்னா, நாங்க துன்றதுதான் அதுக்கும்."

அன்று வெள்ளிக்கிழமை. உயிருள்ளதை வெள்ளிக்கிழமை வீட்டை விட்டு அனுப்பமாட்டேன் என்றார் மாமா. அத்தை இருந்தவரைக்கும் அந்தக் கிழமையில் மோர்கூட வெளியே கொடுத்ததில்லை. நானும் கொடுக்கிறவள் இல்லை. அந்தப் பெண்ணை ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்க வைத்தேன்.

விடிந்ததும் மகன் காரோடு நின்றார். எங்கள் பக்கத்தில் பூனையைக் கொடுத்தனுப்பும்போது சாக்கில் போட்டு வாசலில் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் கொடுப்போம். திசை மறந்துபோகும், திரும்பி வராது என்பார்கள். அத்தை வளர்த்தது, நானே சுத்தறேன் என்று மாமா சாக்கை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். முதல் சுற்று நன்றாகச் சுற்றினார். ரெண்டாவது முடியும்போது வீங்கின கால் பின்னிக்கொண்டு, அப்படியே விழுந்தார். சாக்கை மட்டும் விடவில்லை. முழங்கையெல்லாம் ரத்தம். மகன் கோபத்தில் என்னென்னவோ சொல்லிக்கொண்டே அவரைத் தூக்கிக் காரில் உட்கார வைத்தார். மலைக்குப் போகிற பஸ் ஹாரன் அடித்தது. அந்தப் பெண் சாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

மூன்றாவது சுற்று யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

மிஷினுக்குப் போய்வந்த நாளெல்லாம் மாமா போன் பண்ணுவார். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டார், சாப்பிடுதா என்றுதான் கேட்பார். மலைப்பெண் டவர் கிடைக்கிற மேட்டுக்கு ஏறிவந்து எனக்குச் சொல்லுவாள். முதலில் சாமை மூட்டைக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது, அப்புறம் களி தின்றது, ஒரு எலியையும் பிடித்தது. ஒவ்வொன்றையும் மாமாவுக்குச் சொன்னேன்.

ஒருநாள் அவள் குரலே சரியில்லை. "அக்கா, மழையோட மழையா எங்கியோ போய்டுச்சு. நாலஞ்சு நாளா தேடிக்கினு இருக்கோம்."

விளக்கு ஏற்றுகிறவள் பொய் சொல்லக் கூடாது. சாயங்காலம் மாமாவிடம் உள்ளதைச் சொன்னேன்.

"மூணாவது சுத்து சுத்தலியேம்மா. அது வூட்டுக்குத்தான் வந்துக்கினு இருக்குது. நான் வந்துடறேன்."

மகன் போனை வாங்கினார். "இன்னாக்கா சொன்னீங்க? இனிமே மிஷினுக்கே வரமாட்டேன்றாரு."

மறுபடி அவரிடம் கொடுக்கச் சொன்னேன். "மாமா, சாவி என்கிட்டதான் இருக்குது. உங்க வூட்டுப் பின்கட்டுக் கதவைத் தொறந்து வெக்கறேன். தெனம் தயிர்சோறு வெக்கறேன். வந்தா அன்னிக்கே சொல்றேன். நீங்க மிஷினுக்குப் போங்க."

"சாமி மேல சொல்லு."

மாரியாத்தா மேல் ஆணையிட்டேன். அதற்கப்புறம்தான் அவர் சமாதானமானார்.

அன்றைக்கு மாட்டிக்கொண்டது இந்த மனசு. பூனை வந்தால் சொல்லியாக வேண்டும். சொன்னால் மனுஷன் மிஷினை விட்டுவிட்டுப் பஸ் ஏறிவிடுவார், அப்புறம் அவர் பிழைக்கிறது ஏது? வரக் கூடாது என்று வேண்டிக்கொள்ளலாம் என்றால், அந்த வாயில்லா ஜீவன் எந்த வளைவில் எந்த ஜீப்புக்கு முன்னால் போய் நிற்கிறதோ. விளக்கு முன்னால் கும்பிட்டு நிற்பேன். கேட்கிறதுக்கு ஒன்றும் வராது. நீயே பாத்துக்க தாயே என்று திருநீறு பூசிக்கொண்டு வந்துவிடுவேன்.

போன வெள்ளிக்கிழமை காலையில் பின்கட்டில் வைத்த சோற்றுத் தட்டு காலியாக இருந்தது. சுற்றிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்தது, வேறு அடையாளம் எதுவும் என் கண்ணுக்குப் படவில்லை. அன்று மிஷின் நாள். அவர் போய்வந்த பிறகு போனில் சொன்னேன். காக்காயாகக்கூட இருக்கலாம் என்று அதையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

"காக்கா தட்டைக் கவுத்துடும். கவுந்திருந்துதா?"

"இல்ல மாமா."

வரேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"பாக்கலாம். கண்ணால பாத்துட்டு சொல்லு. நாளைக்குக் கொஞ்சம் கருவாடு வையி."

மறுநாள் சனிக்கிழமை. பெருமாள் விரதம், எங்கள் வீட்டில் கருவாட்டு வாசனையே ஆகாது. விடிந்ததும் அவர் வீட்டுப் பின்கட்டுக்குப் போய், அத்தையின் பழைய அடுப்பைத் துடைத்து மூட்டி, அங்கேயே சுட்டு வைத்துவிட்டு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன்.