ஒளிக்கதிருக்கு ஓரடி பின்னால்

என் அண்ணனைப் பற்றி யாராவது கேட்டால் நல்லவிதமாக நாலு வார்த்தை சொல்லத்தான் எனக்கும் ஆசை. நாலில் இரண்டு தேறும். ஒன்று, மூளைக்காரர். இன்னொன்று, வாழ்நாளில் யாரிடமும் அவர் பொய் சொன்னதில்லை. இந்த இரண்டாவதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கிளப்புகிறது. பொய் சொல்லியிருந்தால் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம்.

வீட்டில் அவருக்கு எதிர்க்கட்சி என்று பெயர். அப்பா வைத்தது. மழை வரப்போகிறது என்று அம்மா கொடியில் கிடந்த துணியை அள்ளினால், எதை வைத்துச் சொல்கிறாய் என்று பின்னாலேயே போய் நிற்பார். பள்ளிக்கூட நாளில் உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றால் வெயிலைப் பிடித்து எதிர்வீட்டுச் சுவரில் அடிப்பது எங்கள் விளையாட்டு. துண்டு முக்கோணமாக இருக்கும்போது தூரத்துச் சுவரில் விழும் வெளிச்சம் மட்டும் ஏன் வட்டமாக இருக்கிறது என்று வகுப்பில் கேட்டு, பதில் தெரியாத வாத்தியாரிடம் அடி வாங்கிக்கொண்டு வந்தார். அது சூரியனின் உருவம், அதனால்தான் வட்டம் என்று பிற்பாடு அவரே கண்டுபிடித்து ஊர் முழுக்கச் சொன்னார். நானும் அதே வெளிச்சத்தைப் பார்த்தவள்தான். எனக்கு அது பூனையை ஓடவிடப் பயன்பட்டது.

அந்த வட்டத்தின் பின்னாலேயே போய் இயற்பியல் படித்து, ஆராய்ச்சி நிலையத்தில் ஒளியியல் கூடத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். தரைக்குக் கீழே இருந்தது அந்தக் கூடம். சுவர், கூரை, கதவின் உட்புறம் எல்லாம் கறுப்புச் சாயம். நடுவில் காற்றடைத்த கால்களின் மேல் ஓர் இரும்பு மேசை, அதன் மேல் லேசரும் வில்லைகளும். அளவு எடுக்கும்போது யாரும் பேசக் கூடாது. மூச்சுக் காற்றில் கதிர் நடுங்கும் என்பார். நான் ஒருமுறை உள்ளே போய்த் தும்மிவிட்டு, காலை வேலை முழுவதையும் கெடுத்த பாவத்தைக் கட்டிக்கொண்டேன். வாசலில் ஒரு கரும்பலகை. 'எது நடந்தால் நான் சொன்னது தப்பு?' என்று அதன் தலைப்பில் எழுதியிருக்கும். அதற்குக் கீழே பதில் எழுதாமல் எந்த மாணவனும் விளக்கைப் போட முடியாது. எதனாலும் தப்பாக முடியாத ஒரு கூற்றுக்குப் பெயர் அறிவு இல்லை, பிடிவாதம் என்று சொல்லிக்கொடுப்பார். வாரம் ஒருநாள் அதற்கென்றே வகுப்பு. கேட்க நன்றாகத்தான் இருக்கும்.

அண்ணி இரண்டு வருஷம் தாக்குப்பிடித்தாள். இந்த வீட்டில் எனக்குச் சந்தோஷமே இல்லை என்று அவள் ஒருநாள் அழுதபோது, எப்போதிலிருந்து, எதோடு ஒப்பிட்டு என்று கேட்டாராம். மறுநாளே பெட்டியைக் கட்டிவிட்டாள். நான் அவள் பக்கம்தான். அண்ணனுக்கு ஆக்கிப்போடுவது மட்டும் என் தலையில் விழுந்தது.

விளையாட்டுக்குள் அவர் வந்தது பணத்தால். ஒளியைப் படிப்பதற்கு யாரும் பணம் தருவதாக இல்லை. நிலையத்தின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் விளையாட்டுப் பயிற்சி மையம், அவர்களிடம் பணம் இருந்தது. ஓட்டப்பாதையின் தொடக்கத்தில் இரண்டு கம்பம், முடிவில் இரண்டு கம்பம் நட்டார். ஒவ்வொரு சோடிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு கதிர். ஓடுகிற உடம்பு முதல் கதிரை வெட்டினால் கடிகாரம் ஓடத் தொடங்கும், அடுத்த கதிரை வெட்டினால் நிற்கும். இவ்வளவுதான் கருவி. அதோடு விடவில்லை. வயது, உயரம், போன வருஷத்து வேகம் இவற்றைக் கொடுத்தால் ஒரு பிள்ளை அடுத்த வருஷம் எவ்வளவு வேகமாக ஓடும் என்று சொல்கிற கணக்கு ஒன்றையும் உண்டாக்கினார். அது பெரும்பாலும் பலிக்கவும் செய்தது. மையத்தின் கமிட்டிக்குத் தலைகால் புரியவில்லை. முதலில் ஆள் எடுக்க அந்தக் கணக்கைப் பயன்படுத்தினார்கள். பிறகு ஆளைப் பிடிக்க. கணக்கு சொன்னதைவிட ஒரு பிள்ளை அதிகம் முன்னேறினால் ஊக்கமருந்து போட்டிருக்கிறது என்று சந்தேகம். இது சரியா என்று நான் கேட்டேன். கணக்கு சந்தேகப்படத்தான் சொல்கிறது, தண்டிக்கச் சொல்லவில்லை என்று கையைக் கழுவிக்கொண்டார்.

என் மகள் அந்த மையத்தின் ஹாஸ்டலில்தான் இருந்தாள். குள்ளம், ஒல்லி, ஆனால் கால் தரையில் பாவாது. அவள் அப்பா போன பிறகு நான் மருந்துக்கடையில் நின்றே வளர்த்த பிள்ளை. நூறு மீட்டர்தான் அவளுக்கு உலகம். இளையோர் அணியில் ஓர் இடம் கிடைத்துவிட்டால் படிப்பு, வேலை எல்லாம் தன்னால் வரும் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் நாங்கள் இருவரும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம்.

அவளுக்கு ஒரு பழக்கம். ஓடுவதற்கு முன் ஊஞ்சல் மாதிரி முன்னும் பின்னும் ஆடுவாள். அப்படி ஆடும்போது நெஞ்சு கதிரை வெட்டி, அவள் கிளம்பும் முன்பே கடிகாரம் ஓடிவிடும். அளவு கெடுகிறது என்று பயிற்சியாளர் சலித்துக்கொண்டார். ஒருநாள் அண்ணனே மைதானத்துக்கு வந்து பார்த்துவிட்டு, ஓரடி பின்னால் தள்ளி நின்றுகொள் என்று அவளிடம் சொன்னார். மாமா சொன்னால் அவளுக்கு அது சட்டம். தள்ளி நின்றாள். அந்த மாதத்திலிருந்தே அவள் நேரம் மளமளவென்று குறைந்தது. போனில் அவளுக்குப் பேச்சே வரவில்லை, சிரிப்புதான் வந்தது. நான் கடை வாசலிலேயே நின்று அழுதேன்.

அணித்தேர்வுக்கு முன்னால் வெளி மைதானத்தில் ஒரு போட்டி. அங்கே இந்தக் கம்பங்கள் கிடையாது. துப்பாக்கி வெடித்தால் கடிகாரம் ஓடும். அதில் அவள் பழைய வேகத்துக்கே வந்துவிட்டாள். பயம் என்று நினைத்தேன். கமிட்டி வேறு மாதிரி நினைத்தது. வேகம் மளமளவென்று ஏறியது மருந்து போட்டதால், இறங்கியது மருந்தை நிறுத்தியதால்.

என்னையும் கூப்பிட்டார்கள். கோப்பைகள் அடைத்த அலமாரிக்கு முன்னால் நீள மேசை. தலைவர் முதலில் கேட்டது, எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று. மருந்துக்கடை என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளுக்கு எடுத்த பரிசோதனையில் ஒன்றும் இல்லையே என்று கேட்டேன். இப்போது வருகிற மருந்தெல்லாம் பரிசோதனையில் மாட்டாது என்றார் கமிட்டியில் இருந்த டாக்டர். மாட்டினாலும் குற்றவாளி, மாட்டாவிட்டாலும் கெட்டிக்காரக் குற்றவாளி. எதனாலும் தப்பாக முடியாத பேச்சு என்று வாரா வாரம் வகுப்பெடுக்கிறாரே, அவர் அந்த மேசையின் ஓரத்தில்தான் நிபுணராக உட்கார்ந்திருந்தார். நான் அவரையே பார்த்தேன். அவர் கணினித் திரையைப் பார்த்தார். பிள்ளையின் முன்னேற்றம் கணக்குக்கு வெளியே இருக்கிறதா என்று தலைவர் கேட்டார்.

"வெளியதான் இருக்கு" என்றார் அண்ணன்.

வேறு ஒரு சொல் இல்லை.

அன்று வீட்டில் அவருக்குத் தட்டை வைத்துவிட்டு நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். அவர் நிதானமாக எனக்குப் பாடம் நடத்தினார். ஒரு கணிப்பு பொய்த்தால் எங்கோ தப்பு இருக்கிறது என்றுதான் தெரியும். கருவியிலா, கணக்கிலா, ஓடின ஆளிலா என்று சோதனை தானாக வந்து சொல்லாது, மூன்றில் எதையும் சந்தேகப்படலாம் என்றார்.

"அப்போ என் பொண்ணும் அந்த மூணுல ஒண்ணா?"

"தர்க்கப்படி பார்த்தா ஆமா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

குற்றம் என்று யாரும் எழுதவில்லை. அணியில் பெயர் இல்லை, ஹாஸ்டலில் இடம் இல்லை, அவ்வளவுதான். பெட்டியோடு வந்தவள் ஓடுகிற காலணியைப் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாள். அம்மாவே மருந்துக்கடையில் இருக்கும்போது என்ன குறை என்று தெருவில் காதுபடப் பேசினார்கள். என் கடை முதலாளிகூட அலமாரிச் சாவியைச் சில நாள் தன்னிடமே வைத்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மகள் இப்போது கூரியர் அலுவலகத்தில் பார்சல் பிரிக்கிறாள். சமீபகாலம்வரை யாராவது பழைய கதையைக் கிளறினால் அவள் கூசியதில்லை. நான் அவ்வளவு வேகமாக ஓடினேன், யாராலும் நம்ப முடியவில்லை, அதனால் அனுப்பிவிட்டார்கள் என்பாள். சொல்லும்போது கழுத்து நிமிரும். அவளிடம் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான் என்பதால் நானும் கூடவே தலையாட்டுவேன்.

போன மாதம் அண்ணனுக்கு ஒரு விருது கொடுத்தார்கள். அறிவியல் எப்படி யோசிக்கிறது என்பது பற்றி எழுதியதற்காக. மகள் வர மறுத்துவிட்டாள். நான் போனேன், கூடப் பிறந்த பாவம். முன்வரிசையில் உட்காரவைத்தார்கள்.

அவர் நன்றாகப் பேசினார். ஒரு ஆராய்ச்சியாளர் இருந்தார் என்று ஆரம்பித்தார். கதிர், கணக்கு, ஒரு ஓட்டக்காரப் பெண் என்று வந்தபோதுதான் எனக்குக் காது விறைத்தது. அந்தப் பெண்ணை ஓரடி பின்னால் நிற்கச் சொன்னதே ஆராய்ச்சியாளர்தான் என்றார். பின்னால் நின்றதால் கதிரைத் தொடும்போதே அவள் வேகம் எடுத்திருந்தாள்; கடிகாரம் தாமதமாகத் தொடங்கியது; குறைந்தது நேரம்தான், கூடியது வேகம் இல்லை. சந்தேகம் வந்த வாரமே அவர் தனியாக மைதானத்துக்குப் போய்த் தானே நின்று, ஓடி, இதைக் கண்டுபிடித்துவிட்டாராம். கமிட்டி அதற்குப் பிறகுதான் கூடியதாம்.

"அவருக்கு முன்னால மூணு சந்தேகக் கைதிகள். கருவியைக் குத்தம் சொன்னா அத்தனை வருஷ அளவும் குப்பை. கணக்கைச் சொன்னா பேர் போயிடும். அந்தப் பொண்ணுதான் மூணுலயும் மலிவு" என்றார்.

கூட்டம் சிரித்தது. அப்புறம் கைதட்டியது. எவ்வளவு நேர்மையாகப் பேசுகிறார் என்று என் பக்கத்தில் இருந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணன் தன்னைத்தான் சொல்கிறார் என்பது அந்த அம்மாளுக்கே புரிந்திருந்தது. புரியும்படிதான் பேசினார். அந்தப் பெண்ணுக்கு ஒரு தாய் இருக்கிறாள் என்பதுதான் அங்கே யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் முடிந்ததும் கழுத்தில் மாலையோடு நின்றவரை வண்டி நிறுத்துமிடத்தில் பிடித்தேன். இதைக் கமிட்டியிடம் சொன்னீர்களா என்று கேட்டேன்.

"கணக்கைப் பத்திக் கேட்டாங்க, சொன்னேன். அவ எங்க நின்னான்னு யாரும் கேக்கலையே."

"நீ சொல்லியிருக்கணும்" என்றேன். பிறந்ததிலிருந்து நீங்க என்றே கூப்பிட்டவரை அப்போதுதான் நீ என்றேன். அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. இப்போது எல்லாம் சரிசெய்தாகிவிட்டது, எல்லாரும் ஒரே இடத்தில் நிற்கும்படி தரையில் வெள்ளைக்கோடு போட்டிருக்கிறேன், கணக்கையும் புதிதாக எழுதிவிட்டேன் என்றார். பழைய கமிட்டியில் இருந்தவர்கள் யாரும் இப்போது இல்லை, இனி யாரிடம் போய்ச் சொல்வது என்றும் கேட்டார். கேள்வி என்னவோ நியாயமாகத்தான் இருந்தது. அவர் கேள்விகள் எப்போதும் அப்படித்தான்.

"அவகிட்ட நீயே சொல்லிடும்மா. எனக்கு அதெல்லாம் வராது" என்று வண்டியில் ஏறினார்.

வீட்டுக்கு வந்தபோது மகள் மறுநாள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டிவிட்டேன். உன் மேல் ஒரு தப்பும் இல்லை, உன் மாமா இத்தனை பேருக்கு முன்னால் மைக்கில் சொல்லிவிட்டார், ஓரடி பின்னால் நின்றதுதான் காரணம், கடிகாரம்தான் தாமதம், இனி ஒருத்தர் உன்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசட்டும் பார்க்கலாம் என்றேன். அவள் அழுவாள், என்னைக் கட்டிக்கொள்வாள், மாமாவைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

அவள் இஸ்திரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். சட்டையின் கையை நீவிவிட்டாள்.

"அப்போ நான் அவ்வளவு வேகமா ஓடவே இல்லையாம்மா?"

அண்ணன் என் தலையில் கட்டிவிட்டுப் போனது எது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லை, ஓடவில்லை என்று சொன்னேன்.