இரண்டாவது வால்யூம்

பிரம்மா தலையெழுத்தை எழுதி முடித்ததும், பக்க எண் சரிதானா என்று பார்க்கக் கல்கத்தாவுக்குத்தான் அனுப்புவார். மருத்துவ நூலக குமாஸ்தா வைத்தீஸ்வரன் தலையசைத்த பிறகுதான் பிள்ளையே பிறக்கும்.

டாக்டர்கள் சீட்டில் கிறுக்கி அனுப்புவார்கள்: எழுதியவர் பெயர், கட்டுரைத் தலைப்பு, பத்திரிகையின் சுருக்கப் பெயர், வருஷம், வால்யூம், பக்கம். மற்ற குமாஸ்தாக்கள் விழிப்பார்கள். வைத்தீஸ்வரன் வால்யூமைப் பார்க்கக்கூட மாட்டார்.

"வருஷம் தெரிஞ்சா போறாதா? வீட்டு நம்பர் தெரிஞ்சவனுக்கு ஜன்னல் நம்பர் எதுக்குய்யா?" என்பார்.

கிடர்பூர் வீட்டில் அவர் மனைவி காமு காலா ஆஸார் காய்ச்சலில் படுத்தாள். மண்ணீரல் வீங்கி, வயிறு பானையாகி, மேனி கறுத்துவிட்டது. புதிதாக ஓர் ஊசி மருந்து வந்திருக்கிறது, அளவு தெரியாமல் போட்டால் ஆளே போய்விடும், இந்தக் கட்டுரையைக் கொண்டு வாருங்கள் என்று டாக்டர் பாபு சீட்டு எழுதிக் கொடுத்தார்.

வைத்தீஸ்வரன் வழக்கம்போல வருஷத்தை மட்டும் பார்த்து, அந்தப் பத்திரிகையின் சிவப்பு பைண்டுப் புத்தகத்தை உருவினார். சீட்டில் கண்ட பக்கத்தில் கால் முறிவைப் பற்றி ஏதோ இருந்தது. "சீட்டே தப்பு" என்று போய்ச் சொன்னார். அவர் சொன்னால் அப்பீல் கிடையாது. சரியான விவரம் கேட்டு டாக்டர் லண்டனிலிருந்த பத்திரிகை ஆபீசுக்குத் தபால் போட்டார். கப்பல் போய் வரும்வரை காமு இருக்கவில்லை.

காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியவர், அலமாரியைத் தூசி தட்டும்போது பார்த்தார். அந்தப் பத்திரிகை வருஷத்துக்கு இரண்டு வால்யூம். ஜூலையில் பக்கம் மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குகிறது. அதே சிவப்புத் துணி, அதே வருஷம். புத்தக முதுகில் வால்யூம் எண் மட்டும் வேறு.

அதற்குப் பிறகு எந்தச் சீட்டு வந்தாலும் மூக்கருகே பிடித்து, வால்யூமைத்தான் முதலில் வாய்விட்டுப் படிப்பார். அவருடைய அண்ணா பிள்ளை ராஜாராமன் அதை நடித்துக் காட்டித் தெருவையே சிரிக்க வைப்பான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட பயல். இந்தக் கதையை எழுதியவனும் அவன்தான். எழுதும்போது ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தான்: நூலகத்துக்குப் போய் அந்த இரண்டாவது வால்யூமைத் தானே படித்ததாகவும், ஊசியால் யாரும் பிழைக்கவில்லை என்றே கட்டுரை முடிவதாகவும்.

வைத்தீஸ்வரன் வாசித்துக்கொண்டே வந்து அந்த வரியில் விரலை வைத்தார்.

"நீயே படிச்சியா?"

"ஆமா சித்தப்பா."

"எங்கேடா படிச்சே? அது அன்னிலேர்ந்து என் மேஜை டிராயர்லேன்னா கிடக்கு." பூணூலில் முடிந்திருந்த சாவியை இழுத்துக் காட்டினார். "அந்தப் பக்கத்தை நானே இன்னும் பிரிக்கலை."