எழுத்துக்கு மட்டும் ஓர் அறை

வாய்ஸ் மெசேஜைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால் சும்மா விடமாட்டேன். எனக்குக் காது மந்தமாகிச் சில வருஷங்கள் ஆகின்றன. வலது காது சுத்தமாகப் போய்விட்டது, இடது காதில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் வாட்ஸப்பில் பேசித்தான் அனுப்புவார்கள். "எழுதி அனுப்புங்க" என்று பதில் போட்டால் அதற்கும் ஒரு வாய்ஸ் மெசேஜ் வரும். அநேகமாக 'சரி' என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் எனக்கு ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகை, பிளக்ஸ், விசிட்டிங் கார்டு என்று வண்டி ஓடுகிறது. காது மிஷின் வாங்கிப் பார்த்தேன். எதிரில் நிற்கிற ஆள் பேசுவதை விட்டுவிட்டு, ரோட்டில் போகிற ஹார்ன் சத்தத்தையெல்லாம் பொறுக்கிவந்து மண்டைக்குள் கொட்டியது. கழற்றி டிராயரில் போட்டுவிட்டேன். கடைக்கு வருகிறவர்கள் ஒரு தடவை சொல்வார்கள். "என்ன சொன்னீங்க?" என்றால் கத்துவார்கள். இன்னொரு தடவை கேட்டால், "ஒண்ணுமில்ல, விடுங்க" என்பார்கள். ஏதோ சிரிக்கிற மாதிரி விஷயம் சொல்லியிருப்பார்கள் என்று முகத்தைப் பார்த்தால் தெரியும். அது எனக்குக் கிடைக்காது.

அப்போதெல்லாம் என்னைக் காப்பாற்றியது ஒரு பழைய சாட் புரோகிராம்தான். கறுப்புத் திரை, அதில் எழுத்து, அவ்வளவே. படம் கிடையாது, குரல் கிடையாது. அறை என்று சொல்வோம், ஒவ்வொரு அறைக்கும் ஒரு பெயர் உண்டு. பெயரைத் தட்டினால் உள்ளே போய் உட்கார்ந்து பேசலாம். தமிழ் எழுத்துரு வேலை செய்கிற கொஞ்சம் பேர் ஓர் அறையில் கூடுவோம். சண்டை நாறும். நான் அங்கே வெடுக்கு வெடுக்கென்று பதில் சொல்கிறவன் என்று பெயர் எடுத்திருந்தேன். எனக்குக் காது கேட்காது என்பது அங்கே யாருக்கும் தெரியாது, சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

இந்த அறைகள் இருக்கிற இடத்துக்கு சர்வர் என்று பெயர். உலகத்தில் அப்படிப் பல சர்வர்கள் உண்டு. ஒரு சமயம் எங்கள் கூட்டம் மொத்தமாக ஒரு சர்வரை விட்டு இன்னொன்றுக்குக் குடிபோனது. அன்றைக்கே என் புரோகிராமின் செட்டிங்ஸில் டீஃபால்ட் சர்வர் என்கிற வரியை மாற்றி வைத்துவிட்டேன். அதற்கப்புறம் திறந்தால் தானாகப் புது இடத்துக்குப் போய்விடும், அந்த வரியை நான் திரும்பிப் பார்க்கவே இல்லை. கூட்டம் பின்னால் கலைந்து, ஆளுக்கொரு ஆப்புக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் பழக்கதோஷத்தில் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு கடையில் வேலை பார்ப்பேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீட்டில் நானும் என் மனைவியும்தான். ஒருநாள் அவள் அடுப்படியிலிருந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் போய் "என்ன?" என்றேன். சொன்னாள். மறுபடி "என்ன?" என்றேன். அவளுக்கும் அன்றைக்கு என்ன களைப்போ, கரண்டியை வைத்துவிட்டு, "எத்தன தடவங்க சொல்றது? எனக்குத் தொண்டத்தண்ணி வத்திப் போவுது" என்றாள். அது மட்டும் எனக்கு நன்றாகக் கேட்டது. எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

"அப்ப சொல்லாத. யாரு உன்னைச் சொல்லச் சொன்னது?" என்றேன்.

சொல்வதை நிறுத்திவிட்டாள். சாப்பாடு, பால், கரண்ட் பில், இதற்குமேல் பேச்சில்லை. ரோஷத்தில் அவள் எனக்கு ஒரு படி மேல்.

அந்தச் சமயம் பார்த்து அரியலூரில் என் மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டார். ஆபரேஷன் முடிந்தது. கூட இருந்து பார்க்க வேறு ஆள் இல்லாததால் இவள்தான் போயாக வேண்டும், எத்தனை மாதம் என்று தெரியாது. போனில் பேசவா முடியும் என்னிடம்? வாட்ஸப்பில் எழுதலாம்தான். ஆனால் அது பால்காரருக்கும் கேஸ்காரருக்கும் நடுவில் உட்கார்ந்து பேசுகிற இடம். 'சரி', 'ம்', கட்டைவிரல், இதோடு முடிந்துவிடும். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாரும் இல்லாத ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன். மன்னிப்புக் கேட்பதைவிட செட்டிங்ஸ் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

கடையில் சும்மா கிடந்த லேப்டாப்பில் புரோகிராமை ஏற்றினேன். அவள் பெயரைப் போட்டேன். திறந்ததும் தானாக இணையும்படி வைத்தேன். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பெயர் யோசித்து, அந்தப் பெயருள்ள அறைக்குத் தானாகப் போகும்படி செய்தேன். அவள் ஒரு பட்டன் அழுத்தினால் போதும். சோதித்துப் பார்க்கிற அவசரத்தில் சர்வர் பெயரைக் கையால் தட்டி இணைத்தேன். அவள் ஹாலில், நான் படுக்கையறையில். "வந்துட்டேன்" என்று அவள் எழுதினாள். "யாருங்க நீங்க?" என்று நான் எழுதினேன். அவள் சிரித்தது எனக்குக் கேட்கவில்லை, எட்டிப் பார்த்தபோது தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. பல நாள் கழித்து அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன்.

கிளம்பும்போது பெருந்தன்மையாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னேன்.

"தெனமும் சாயங்காலம் ஏழரைக்கு நான் அங்க இருப்பேன். பேசணும்னு தோணுனா வா. தோணலன்னா வேணாம். ஏன் வரலன்னு நான் கேக்க மாட்டேன்."

என் முகத்துக்கு நேராக, உதட்டை நன்றாக அசைத்துச் சொன்னாள். "நானும் கேக்க மாட்டேங்க."

முதல் நாள் ஏழரைக்கு உட்கார்ந்தேன். திரையின் ஓரத்தில் அறையில் இருப்பவர்களின் பெயர் வரும். என் பெயர் மட்டும் இருந்தது. போன முதல் நாள், அலைச்சல் இருக்கும் என்று விட்டேன். மறுநாளும் என் பெயர்தான். ஒரு வாரம் போனது, அப்புறம் கணக்குப் பார்ப்பதை விட்டுவிட்டேன். 'வந்துட்டியா' என்று எழுதி வைத்து, அது அங்கேயே நிற்பதைப் பார்க்கச் சகிக்காமல் திரையைத் துடைப்பேன். பகலில் வாட்ஸப்பில் எழுதுவாள். 'கேஸ் புக் பண்ணுங்க.' 'மாத்திரை போட்டாச்சா.' சாயங்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. நானும் கேட்கவில்லை. கேட்க மாட்டேன் என்று பெரிய மனிதன் மாதிரி வாக்குக் கொடுத்தாயிற்றே!

காது போனவன் வீட்டில் தனியாக இருப்பது எப்படி என்றால், ஃபேன் சுற்றும், குக்கர் ஆவி விடும், எதிர்வீட்டுப் பிள்ளை வாயைத் திறந்து அழும். எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நடக்கும். அவள் இருந்தபோது சமையலறையில் அவள் நடமாட்டம் தரையில் லேசாகத் தெரியும். அதுவும் இல்லை. இவளுக்கு என்னிடம் பேச ஒன்றுமே இல்லாமல் போய்விட்டதா என்று நினைப்பேன். நான்தானே சொல்லாதே என்றேன், நிம்மதியாக இருக்கிறாள் போல என்றும் நினைப்பேன். அழுகை வரும். கோபமும் வரும். எனக்குக் கோபம்தான் வசதி.

ஒருநாள் கோபம் முற்றி, மதியமே கடையைச் சாத்திவிட்டுத் துணிமணி கொஞ்சம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வாக்காவது, ஒன்றாவது. ஏன் வரவில்லை என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிடுவது. சிமெண்ட் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு பஸ் ஊர்ந்தது. அரியலூரில் இறங்கி, வழியில் காபி குடித்து, கேட்க வேண்டியதை மனசுக்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்து, மாமியார் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது.

முன்னறைக் கட்டிலில் மாமியார் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவருக்கும் காது கொஞ்சம் மந்தம். அதனால் எப்போதும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார். எனக்கு ரொம்பப் பிடித்த மனுஷி. என்னைப் பார்த்ததும் அவர் முகம் குழம்பிப் போனது.

"வாங்க மாப்ள. என்ன, இங்க நிக்கிறீங்க?"

"ஏன் அத்த?"

"உள்ள அவ ஒங்ககிட்டதான பேசிக்கிட்டு இருக்கா?"

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்து, "என்னங்க அத்த?" என்றேன்.

"கம்பியூட்டர்ல! தெனமும் எனக்குச் சோறு குடுத்துட்டு, எங்க வூட்டுக்காரருகிட்ட பேசிட்டு வரேன்னுட்டுதான் போவா."

உள்ளறையில் அவள் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். லேப்டாப்பில் அதே கறுப்புத் திரை, நாங்கள் வைத்த அதே பெயருள்ள அறை. ஓரத்தில் அவள் பெயர் மட்டும். கடைசியாக எழுதிய சில வரிகள் என் கண்ணில் பட்டன.

'அம்மா இன்னைக்கு வாக்கர புடிச்சிக்கிட்டு வாசல் வரைக்கும் வந்துட்டாங்க.'

'ரசம் வச்சேன். நீங்க என்ன சாப்ட்டீங்க?'

'இன்னும் கோவமா?'

அவள் அடுத்த வரி எழுதிக்கொண்டிருந்தாள். 'சரி, நாளைக்கு வரேன்.'

தோளைத் தொட்டேன். பதறித் திரும்பியவள் என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"நீங்க ஒரு நாளாச்சும் வந்தீங்களா?" என்றாள்.

"தெனமும் இருந்தேன். நீதான் வரல."

"பொய் சொல்லாதீங்க."

திரையின் மேல்வரியைப் பார்த்தேன். அங்கே இருந்தது வேறு சர்வரின் பெயர். புரோகிராம் பிறக்கும்போதே அதனுள் எழுதப்பட்டு வருகிற டீஃபால்ட் சர்வர். சோதனை நாளில் நான் கையால் தட்டிய சர்வர் அந்த ஒரு தடவைக்குத்தான். செட்டிங்ஸில் அந்த வரியை மாற்றவே இல்லை. தப்பான இடத்துக்குப் போனால் கதவு பூட்டியிருக்க வேண்டாமா? இந்தப் புரோகிராமில் அது கிடையாது. இல்லாத அறையைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லாது, அந்தப் பெயரிலேயே ஒன்றைத் திறந்து நம்மை உட்கார வைத்துவிடும். நான் ஒரு சர்வரில், அவள் ஒரு சர்வரில், ஒரே பெயருள்ள இரண்டு அறைகளில், ஏழரையானால் உட்கார்ந்திருக்கிறோம்.

இப்போதே சரிசெய்கிறேன் என்று லேப்டாப்பைப் பிடுங்காத குறையாக வாங்கினேன். சர்வர் வரியை மாற்றினேன், சேமித்தேன், புரோகிராமை மூடித் திறந்தேன். திரை துடைத்த மாதிரி வந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பேசியதைச் சேமித்து வை என்று நாம் சொன்னால்தான் அது சேமிக்கும். அதை நான் சொல்லவில்லை. அவள் தினமும் மூடி வைத்ததோடு அன்றன்றைய பேச்சு போயிற்று. இன்றைய பேச்சை நானே என் கையால் மூடிவிட்டேன்.

என் போனிலும் அந்தப் புரோகிராம் இருந்தது, அதிலிருந்து நானும் அறைக்குள் போனேன். ஓரத்தில் இரண்டு பெயர்கள் வந்தன. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். வாயால் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை, எழுதினேன்.

'இத்தனை நாளும் என்ன எழுதினே? எல்லாத்தையும் மறுபடி சொல்லு. நான் படிக்கிறேன்.'

அவள் எழுத்துப்பலகையில் கையை வைத்தாள், எடுத்தாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்தால் எனக்குத் தெரியும். அப்புறம் எழுதினாள்.

'நான் உங்ககிட்ட சொல்லிட்டேங்க. திரும்பச் சொல்ல வரல.'