மேம்பாலம் ஏறாத வண்டி

பெரியப்பாவிடம் கார் ஓட்டக் கற்றுக்கொண்டவர்களுக்கு ஊரிலுள்ள பெட்ரோல் பங்க் எல்லாம் அத்துப்படி. எப்படி உள்ளே திரும்புவது, எங்கே ஒதுக்கி நிறுத்துவது, லாரிக்கு வழிவிட்டு எப்படி வெளியே வருவது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். மேம்பாலம் மட்டும் தெரியாது. மேம்பாலத்தில் கழிப்பறை இல்லை.

டிரைவிங் ஸ்கூலில் அவருக்கு 'சடன் பிரேக்' என்று பெயர். பயிற்சி வண்டியில் சொல்லிக்கொடுப்பவரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. முன்பெல்லாம் ஆபத்துக்குத்தான் அதை மிதிப்பார். இப்போது பங்க் கண்ணில் பட்டாலே மிதித்துவிட்டு, கதவைக்கூடச் சாத்தாமல் பின்பக்கம் ஓடுகிறார். நானும் அவரிடம்தான் பழகினேன். என் முறை வரும்வரை பின்சீட்டில் உட்கார்ந்திருப்பேன். ஓடிப்போனவர் சீக்கிரம் வரமாட்டார். அத்தனை அவசரமாகப் போய் நின்றால் நூல் மாதிரி வருமாம். திரும்பி வந்து பெல்ட் மாட்டியதும் இன்னும் மிச்சம் இருக்கிறது என்று தோன்றுமாம். இதெல்லாம் பெரியம்மா அவரைத் திட்டும்போது எனக்குத் தெரிந்தவை. பெரியம்மாவுக்கு மெதுவாகத் திட்டத் தெரியாது.

வாலிபத்திலேயே அவருக்கு இடது விரைக்கு மேலே ரத்தக் குழாய்கள் சுருண்டு வீங்கியிருந்தன. சாயங்காலம் ஆனால் கனக்கும், படுத்தால் அடங்கும். அதுபாட்டுக்கு அது, நான்பாட்டுக்கு நான் என்று இருந்துவிட்டார். வயதான பிறகு வந்த மூத்திரத் தொல்லைக்கும் அதுதான் காரணம் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டார். அப்படியானால் டாக்டரிடம் அதைக் காட்ட வேண்டும். அங்கேதான் சிக்கல்.

"ஆஸ்பத்திரி போனீங்களே, என்ன குடுத்தாங்க?" என்று கேட்டார் பெரியம்மா.

"தைலம்."

"ஒண்ணுக்குப் போறதுக்குத் தைலமா?"

"முட்டிக்கு."

"முட்டியில என்ன?"

"ஒண்ணுமில்ல. உள்ள போனா டாக்டர் சின்னப் பொண்ணு, நம்ம பொண்ணு வயசு. வாயில முட்டின்னுதான் வந்துச்சு."

"நல்லவேளை, பல்லுன்னு சொல்லல. புடுங்கி அனுப்பியிருப்பாங்க."

இப்படியே ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கேக் அக்கா லைசென்ஸ் டெஸ்டில் தோற்றார். வீட்டில் கேக் செய்து விற்கிறவர். பைக்கில் கொண்டுபோனால் நசுங்குகிறது என்று கார் பழக வந்தவர். டெஸ்டில் அதிகாரி நேராக மேம்பாலத்தில் ஏறச் சொல்லியிருக்கிறார். பாதி மேட்டில் வண்டி பின்னால் உருண்டுவிட்டது.

மறுநாளே அலுவலகத்துக்கு வந்து முதலாளி முன்னால் நின்றார். "ஒரு தடவைகூட என்னைப் பாலத்துல ஏத்தல சார் இவரு. பங்க் பங்காக் கூட்டிட்டுப் போனாரு. பெட்ரோலாச்சும் போட்டாரான்னா அதுவும் இல்ல."

முதலாளி பெரியப்பாவைப் பார்த்தார்.

"அந்தம்மாவுக்கு இன்னும் கை வரல," என்றார் பெரியப்பா. "அதான் ஏத்தல."

பொய். எங்கள் எல்லாரிலும் அக்காவுக்குத்தான் கை நன்றாக வந்திருந்தது. கேக் அக்காவின் குரல் அப்படியே இறங்கிவிட்டது. "அப்போ நான் விட்டுடறேன் சார்."

"விட வேணாம்," என்ற முதலாளி பெரியப்பா பக்கம் திரும்பினார். "நாளைக்கு ஏத்துங்க. உங்களால முடியலன்னா சொல்லுங்க, அந்த சீட்டுக்கு வேற ஆள் பாக்கறேன்."

காலையில் பெரியப்பா காபியைத் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. பயனில்லை. கேக் அக்கா ஓட்டினார், நான் பின்சீட்டில் இருந்தேன். பாலத்தின் உச்சியில் முன்னால் ஏதோ லாரி நின்றுபோய், வாகனங்கள் ஒட்டிக்கொண்டு நின்றன.

"பாத்தீங்களா சார், உருளவே இல்ல!" என்றார் கேக் அக்கா.

பெரியப்பா பார்க்கவில்லை. இரண்டு முட்டியையும் சேர்த்து இறுக்கிக்கொண்டிருந்தார். கதவைத் திறந்தார்.

"எங்க சார் போறீங்க? பாலத்து மேல எங்க போவீங்க?"

கதவைச் சாத்தினார். "ஒண்ணுக்கு வருது. எப்பப் பாரு வருது. அதான் பாலத்துல ஏத்தல. உனக்குக் கையெல்லாம் நல்லாத்தான் வருது."

பின்னால் ஹாரன் அடித்துத் தள்ளினார்கள். கேக் அக்கா கண்ணாடியையே பார்த்தபடி, "இத அங்கயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல? நேத்து அழுது அழுது ஒரு கேக்கையே கருக்கிட்டேன் சார்," என்றார்.

பாலத்தை விட்டு இறங்கும்போது அவசரம் தீர்ந்திருந்தது. சீட் நனைந்திருந்தது.

அலுவலகத்தில் பெரியப்பாவே முதலாளியிடம் சொன்னார். முதலாளி தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, "ரிப்போர்ட்டோட வாங்க. அதுவரைக்கும் வண்டியில வேணாம்," என்றார்.

ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். அதே சின்ன டாக்டர்தான். இந்த முறை பெரியப்பா எல்லாவற்றையும் காட்டினார். "வீக்கம் தனி, மூத்திரத் தொல்லை தனியா இருக்கலாம்பா," என்றார் டாக்டர். "இந்த வயசுல புராஸ்டேட் வீங்கினாலும் இப்படி வரும். ஸ்கேன் பாத்துடுவோம்."

அப்படியானால் இத்தனை நாள் தப்பான இடத்தின்மேல் பழி போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோமா என்று ஸ்கேன் அறை வாசல்வரை புலம்பிக்கொண்டே வந்தார்.

அங்கே இருந்த நர்ஸ் ஒரு பெரிய பாட்டிலை நீட்டினார். "பூரா குடிச்சுட்டு, கூப்பிடற வரைக்கும் அடக்கிக்கிட்டு உக்காருங்க. மூத்திரப்பை நிறைஞ்சாதான் தெரியும்."

குடித்தார். அவருக்கு முன்னால் ஒரு கர்ப்பிணி, அதற்குப் பிறகு இன்னொருவர். தாங்காமல் ஓடினார். திரும்பி வரும்போது அவர் பெயரைக் கூப்பிட்டு முடித்திருந்தார்கள்.

"காலி பண்ணிட்டீங்களா? மறுபடி குடிங்க."

"ஏம்மா, அடக்க முடியலன்னுதானே வந்திருக்கேன்!"

"எல்லாரும் அதுக்குத்தான் சார் வர்றாங்க."

என் பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணுக்கு மறுபடி டெஸ்ட் எப்போ?"

"திங்கக்கிழமை."

"பாலத்துல யாரு கூட்டிட்டுப் போறா?"

"புதுசா ஒருத்தர் வந்திருக்காரு பெரியப்பா."

"அவனுக்கு ஒண்ணுக்கே வராதாமா?" என்றார். என் கையிலிருந்த பாட்டிலைப் பிடுங்கிக் குடிக்க ஆரம்பித்தார்.