ஏழு பாதாம்

ஜெர்பா தீவில், ஹாரா என்கிற எங்கள் யூதக் குடியிருப்பில் கறிவிருந்து என்றால் கஸாலாச் சித்தியைக் கூப்பிட்டுவிடுவார்கள். சமைக்க அல்ல, பாதாம் பால் எடுக்க. கறி பரிமாறும் பந்தியில் பசும்பால் எங்கள் யூத வீடுகளில் ஆகாது. பாதாம் பாலுக்கு அந்தத் தடை கிடையாது.

இருபத்தெட்டு வயதில் வெள்ளிவேலைக்காரப் புருஷனைப் பறிகொடுத்தவள் சித்தி. அதற்குப் பிறகு இருபது வருஷமாக அவளுடைய பித்தளை உரல் ஓய்ந்ததே இல்லை. ஊறிய பாதாமை இரண்டு விரலால் பிதுக்கித் தோலுரிப்பாள். இடித்து, நீர்விட்டு, துணியில் கட்டி முறுக்குவாள். கடைசியில் நாரத்தம்பூ நீர் நாலு சொட்டு.

“மாட்டுக்கு நாலு காம்பு, எனக்கு ரெண்டே கை. யாருடி பாவம்?” என்று வேலைக்கு நடுவே சிரிப்பாள்.

ஜாடிக்குப் பக்கத்தில் சின்னத் தட்டில் தோலோடு ஏழு பாதாம் வைப்பாள். வழிவழியாக வந்த ஏற்பாடு அது. தூரத்திலிருந்து பார்க்கிறவன் பசும்பால் என்று நினைத்து அந்த வீட்டைத் தப்பாகப் பேசிவிடக் கூடாதில்லையா?

என் நிச்சயதார்த்தத்துக்கும் அவள்தான் வந்தாள். பந்தி தொடங்குமுன்பே என்னை நடுநாயகமாக உட்கார வைத்துவிட்டார்கள். பெண்வீட்டார் முப்பது பேர் பார்க்கிறார்கள். கையை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கை தானாக ஒரு வேலையைத் தேடிக்கொண்டது. குஸ்குஸும் ஆட்டுக்கறியும் வந்தபோது எனக்கு எதிரே இருந்த சின்னத் தட்டு காலி.

பெண்ணின் அப்பா கமூஸ் அதைப் பார்த்துவிட்டார்.

“சம்பந்தியம்மா, கறிக்குப் பக்கத்துல என்ன இது, பாலா?”

“பாதாம் பாலுங்க” என்றாள் அம்மா.

“அப்ப பாதாம் எங்க?”

சித்தி கையைத் துடைத்துக்கொண்டே சமையலறையிலிருந்து வந்தாள். “வெச்சேனே. ஏழு, எண்ணி வெச்சேன்.”

“றெக்கை மொளச்சுப் பறந்துடுச்சாக்கும்” என்றார் யாரோ. பந்தி சிரித்தது.

“பாதாமை மறந்தவ இன்னும் எதையெல்லாம் மறந்தாளோ. பால் பாத்திரமும் கறிப் பாத்திரமுமே மாறிப்போச்சோ என்னமோ” என்றாள் பெண்ணின் அத்தை.

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பேர் தட்டைத் தள்ளி வைத்தார்கள்.

சித்தி காலித் தட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் கன்னத்தில் ஏழாவது பாதாம், மெல்லப்படாமல். ‘நான்தான் தின்றேன்.’ இரண்டே சொல். சொன்னால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குப் பயந்து குனிந்துகொண்டேன்.

“மறந்துட்டேன் போலிருக்கு” என்றாள் சித்தி. “வயசாகுதில்ல.”

பிழிந்த சக்கையைத் துணியோடு கொண்டுவந்து காட்டினாள். கமூஸ் ஒரு விரலில் எடுத்து ருசித்து, “பாதாம்தான்” என்றார். ஆனாலும் யாரும் தம்ளரைத் தொடவில்லை. நான் வாயிலிருந்ததை அப்படியே விழுங்கினேன்.

அதன் பிறகு அவளை யாரும் கூப்பிடவில்லை. மறதிக்காரி என்ற பெயர் நிலைத்துவிட்டது. பாலையும் கறியையும் பிரித்து வாழும் எந்த வீடு மறதிக்காரியை அடுப்படிக்குள் விடும்? என் கல்யாணத்துக்கே அம்மா கடையில் சர்பத் வாங்கினாள். உரல் சத்தம் நின்றுபோன சந்து வழியாகத்தான் நான் தினமும் போய்வந்தேன்.

எனக்கு மகன் பிறந்தான். எட்டாம் நாள் விருந்துக்குச் சித்திதான் வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். அதற்கு மட்டும் வாய் வந்தது.

வந்தாள். ஜாடியின் கழுத்தைச் சுற்றி நூலில் கோத்த ஏழு பாதாம், இறுக்கமான முடிச்சு.

“என்ன கஸாலா, ஜாடிக்கு மாலையா? அதுக்கும் கல்யாணமா?” என்று கேட்டார் கமூஸ்.

“மறதிக்காரி இல்லியா? கட்டி வெச்சா காணாமப் போகாது பாருங்க.”

சொல்லிவிட்டு, ஜாடியை என் கைக்கு எட்டாத தூரத்துக்கு நகர்த்தினாள். கோபமாக அல்ல. குழந்தைக்கு முன்னாலிருந்து கத்தியை நகர்த்துவது மாதிரி.

வாயைத் திறந்தேன். பந்தி முழுக்க என்னைப் பார்த்தது.

“பால் நல்லாருக்கு, சித்தி” என்றேன்.

அவள் இன்னும் யாருக்கும் ஊற்றவே இல்லை.